பழவேற்காட்டுக்கு ஆப்பிள் கொண்டுபோன கதை

எங்கள் அலுவலகத்தில் போன மாதம் எல்லோருக்கும் ஒரு நாள் 'மன அமைதி விடுப்பு' கொடுத்தார்கள். அமைதியாக இருந்ததற்கு ஆதாரமாக மாலை ஆறு மணிக்குள் சிரித்த முகத்தோடு ஒரு படம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எனக்கு வியாழக்கிழமை வாய்த்தது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க நெடுநாள் ஆசை, அதனால் பழவேற்காடு என்று முடிவு செய்தேன்.

அங்கே எனக்குத் தெரிந்த ஒரே ஆள் டில்லி, ஏரி மீனவர். போன வருடம் அவரிடம் நண்டு வாங்கியதால் என் கைப்பேசியில் 'டில்லி நண்டு' என்று இருக்கிறார். வருகிறேன் என்றதும் தயங்கினார். "வியாழக்கெழமையா? அன்னிக்கு எங்க பாடு சார்."

பட்ட பாடு, படாத பாடு எல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான். வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். "கவலைப்படாதீங்க, கண்டிப்பா வர்றேன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

சென்ட்ரலில் காலை ஆறரைக்குப் புறநகர் ரயில். பொன்னேரிக்கு ஒரு மணி பத்து நிமிடம், பத்து ரூபாய். நிலையத்துக்கு வெளியே ஒரு கிலோ ஆப்பிளும் ஆறு சாத்துக்குடியும் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் வாங்கினேன். அங்கிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத வண்டி, ஏறியவர்களும் பெரும்பாலும் பெண்கள் என்பதால் நான் சில்லறை நீட்டியபோது நடத்துநரே கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். திருப்பாலைவனம் தாண்டியதும் காற்றில் உப்பு வாசம் வந்துவிட்டது. ஒன்பது மணிக்கு டில்லி வீட்டு வாசலில் நின்றேன்.

டில்லியும் அவர் மனைவி நாகம்மாவும் வலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் நன்றாகவே இருந்தார்கள். நாகம்மா என் பையைப் பார்த்தார். "இன்னா சார் இது, ஆஸ்பத்திரிக்குப் போயினு இருக்கியா?"

விஷயத்தைச் சொன்னதும் டில்லி வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலதான். அங்கே இன்ன நாள் இன்னார் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. இப்போது பட்டியல் வாட்சப் குழுவில் வருகிறதாம். அதில் யாராவது காலை வணக்கம் என்று ரோஜாப்பூ போட்டால் ஊரே சேர்ந்து திட்டுமாம்.

சிரிப்பு அடங்கியதும் உண்மையான பாடு தெரிந்தது. முறை பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. போன இரண்டு முறையும் வலையில் பாசியும் பிளாஸ்டிக்கும்தான். டில்லியோடு வலை இழுப்பவன் நாகம்மாவின் தம்பி முருகன். இன்றைக்கும் இறால் விழவில்லையென்றால் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் காவலாளி வேலைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டான். மூன்று மணிக்கு நேர்முகம். இஸ்திரி போட்ட சட்டையும் பேன்ட்டும் ஆணியில் தொங்கின. வலையை ஒற்றை ஆளாக இழுக்க முடியாது, வேற்று ஆளைச் சேர்க்க ஊர்க் கட்டுப்பாடு விடாது. முருகன் போனால் டில்லியின் முறையும் போகும்.

ஒன்பதரைக்கு டில்லியும் முருகனும் படகில் கிளம்பினார்கள். "கல்லறைய நான் காட்டறேன் வா சார்" என்று நாகம்மா என்னைக் கூட்டிப்போனார்.

கேட் பூட்டியிருந்தது. ஆனால் பார்க்க வேண்டியது வாசலிலேயே இருக்கிறது: இருபக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள். ஒன்றிடம் மணற்கடிகாரம் இருக்கிறது. வாழ்வின் நிலையாமை பற்றி நான் இணையத்தில் படித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். நாகம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல சார். மணி பாத்துனு நிக்கிறாரு. உன் பாடு முடிஞ்சுது, வலைய எடுன்றாரு."

டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி, துணி வாங்கி விற்று, சுமார் இருநூறு வருடம் இருந்தார்கள். கோட்டை இருந்த இடம் இன்று முள்புதர். அதற்கு நாகம்மா சொன்னதைவிடச் சுருக்கமான வரலாறு நான் படித்ததில்லை. "இப்போ யார் பாடு?" என்று கேட்டேன். அவர் தெற்கே, துறைமுகம் இருக்கும் திசையைப் பார்த்தார். "அவங்களுதுன்னு சொல்றாங்க. எங்க குரூப்புல அப்டி ஒண்ணும் போடலியே."

சிரித்தேன். ஆனால் பேசும்போதே அவர் கண் ஏரிப் பக்கமே போய்வந்தது. ஊர் பார்க்க வந்தவன், யாரோ ஒருவர் வலைக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

ஒரு மணிக்குப் படகு திரும்பியது. தூரத்தில் இருந்தே டில்லி நான்கு விரலைக் காட்டினார். நான்கு கூடை, எல்லாம் இறால். நாகம்மா "அப்பாடா" என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். முருகன் ஈர லுங்கியோடு வீட்டுக்குள் போய், தொங்கிய சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்தபடி வெளியே வந்தான்.

"அடுத்த பாடு என்னிக்கு மாமா?"

டில்லி கைப்பேசியைத் துடைத்துப் பட்டியலைத் தேடினார். அவருக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், குடிநீரும் தொப்பியும் அவசியம். போக வர எனக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை, பழம் தனிக்கணக்கு. போகுமுன் பாடு யாருடையது என்று விசாரியுங்கள். அன்றைக்கு அவர்களிடம் ஏரியைச் சுற்றிப்பார்க்கப் படகு கேட்காதீர்கள்.

அலுவலகத்துக்கு, கூடையைத் தூக்கிக்கொண்டு ஆப்பிளும் வாயுமாகச் சிரிக்கும் முருகனின் படத்தை அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் கேள்வி வந்தது: 'படத்தில் நீங்கள் எங்கே?'

'இன்றைக்கு அவங்க பாடு' என்று பதில் போட்டேன்.