பொட்டு வைத்த சுடுதண்ணிப் பை

மழைக்காலம் வந்தால் என் மனைவிக்கு இடுப்பு வலி வந்துவிடும். நாளெல்லாம் ஈரத்தில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வருபவள், புரண்டு படுக்கக்கூட முடியாமல் முனகுவாள். கேட்க எனக்குப் பாவமாக இருக்கும். நான் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறேன். சவாரி இல்லாத ஒரு மத்தியானம் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது, கரண்டில் சூடாகும் சுடுதண்ணிப் பை ஒன்று கண்ணில் பட்டது. கடை விலையில் பாதிகூட இல்லை. எவன் விற்கிறான், எங்கே செய்தது என்றெல்லாம் யார் பார்த்தது? சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பரா வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அவள் தங்கச்சிக்கும் சேர்த்து இரண்டாகச் சொல்லிவிட்டேன்.

எங்களுடையது முதலில் வந்தது. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் டிவியோ குக்கரோ, புதிதாக எது வந்தாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் தொடுவோம். என் மனைவியும் அந்தப் பைக்குப் பொட்டு வைத்தாள். ஒரு பொட்டு பிளக் செருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் விழுந்தது. சூடானதும் தானாக அணையும் என்று போட்டிருந்த சாமான் அணையவே இல்லை. போதுமா என்று அவள் தொட்டுப் பார்க்கப் போகவும் வெடித்து, இடது கை வெந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கூட்டி வந்தேன். ஆத்திரம் தாங்காமல் விற்றவனுக்கு வெடித்த பையின் படம் அனுப்பினேன். பையில் எதையோ பூசியிருக்கிறீர்கள், ஈரம் உள்ளே போயிருக்கிறது, நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு திட்டி எழுதியும் பேச்சுமூச்சு இல்லை. முகம் தெரியாத பயலிடம் எங்கே போய் நியாயம் கேட்பது? அது போகட்டும், அந்தப் பதிலை அவளுக்கு வாசித்துக் காட்டித் தொலைத்தேன். அவள் அப்படியே நம்பிவிட்டாள்.

“நானே கெடுத்துக்கிட்டேங்க,” என்றாள்.

நீ கெடுக்கவில்லை புள்ள என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்டால்தானே. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இரண்டாவது பை வந்தது எங்களுக்குத் தெரியாது. கூரியர்காரன் சந்திக் கடையில் கொடுத்துவிட்டுப் போனதைத் தங்கச்சியின் புருஷன் எடுத்து வந்திருக்கிறான். சாயங்காலம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி பேசியது தெளிவாகக் கேட்டது.

“அக்கா மாதிரி பொட்டு எதுவும் வைக்காதீங்க. அப்படியே செருகுங்க.”

என் மனைவி கிளாஸை வைத்துவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். நாங்கள் போவதற்குள் பிள்ளை படுத்திருந்த பாயிலேயே அந்தப் பை பூரி மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. அவள் நல்ல கையால் பிளக்கைப் பிடுங்கினாள். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். பை வெடிக்கவில்லை, நல்ல காலம்.

என் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல பொட்டே இல்லைங்களே,” என்றாள். என் பக்கம் திரும்பி, “அப்ப நான் கெடுக்கலைங்க.”

கை வெந்த அன்றுகூட அழாதவள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.