மஞ்சள் நிறத்து ஓட்டை

லேப்டாப்பை அணைத்து வைத்திருந்தாலும் அதிலிருந்து போனுக்கு சார்ஜ் ஏற்றலாம் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த விஷயம் எங்கள் தெருவுக்கும் தெரியும். யாரையும் நான் சும்மா விடுவதில்லை. சில லேப்டாப்புகளில் அதற்கென்றே ஒரு யுஎஸ்பி ஓட்டை உண்டு. பக்கத்தில் மின்னல் குறி இருக்கும், இல்லாவிட்டால் உள்ளே மஞ்சளாக இருக்கும். இதை எங்கேயோ படித்த அன்றே என் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கம் இரண்டு ஓட்டை. ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள். அதை நானே கண்டுபிடித்து உலகத்துக்குக் கொடுத்தது போல ஒரு பெருமை வந்தது. சொருகிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அதனால்தான் புயல் வருகிறது என்று டிவியில் சொன்ன அன்று, சிதம்பரத்திலிருந்து என் மனைவி கூப்பிட்டு ஒரு பவர் பேங்க் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"லேப்டாப்பே பவர் பேங்க்தான். ஆஃப் பண்ணி வச்சாலும் சார்ஜ் ஏறும். ஒனக்குச் சொன்னா புரியாது."

"புரிய வேணாங்க. போன் மட்டும் ஆன்ல இருக்கட்டும். எந்நேரத்துல கூப்புடுவேன்னு சொல்ல முடியாது."

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஆனால் எங்கள் மகளுக்கு பிரஷர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இத்தனை மாதம் பார்த்த டாக்டரம்மாவை விட்டுவிட்டு கடலூருக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே தாய்வீடே இரண்டு பாத்திரங்களையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி சிதம்பரம் போய்விட்டது. கடலூரில் நானும் லேப்டாப்பும் மிச்சம்.

புயல் காலையிலேயே வந்தது. முதல் காற்றுக்கே கரண்ட் போயிற்று. பத்து மணி வாக்கில் மனைவி கூப்பிட்டாள். "வலி வந்துருச்சிங்க. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். பிரஷர் ஜாஸ்தியா இருக்காம். ஆபரேஷன் பண்ணணுமான்னு பாக்குறாங்க" என்பது வரை கேட்டது. பிறகு டவரும் போய்விட்டது.

அன்று முழுக்க கையில் போனை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். கிளம்பிப் போகலாம் என்றால் வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, பரங்கிப்பேட்டைப் பக்கம் ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடுகிறது என்றார்கள். மறுநாள் காலையில் போனில் பதினோரு சதவீதம் இருந்தது. அதற்கென்ன, நம்மிடம்தான் இருக்கிறதே என்று அணைத்திருந்த லேப்டாப்பின் மஞ்சள் ஓட்டையில் ஒயரைச் சொருகினேன். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்பது. இன்னும் அரைமணியில் ஏழு.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன். பைக் மெக்கானிக், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். ஒரு வாரம் முன்னால்தான் நின்ற வாக்கில் இதே ஓட்டையைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்திருந்தேன். ஒயரை உருவிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார்.

"மாமா, இது சந்தனம்."

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, அருவாமனை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. லேப்டாப்பின் மூடியில் வைத்தால் கறை படியும் என்று மனைவியிடமிருந்து கிண்ணத்தைப் பிடுங்கி, ஓரமாக, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நானே அப்பினேன். குங்குமம் உதிர்ந்துவிட்டது. சந்தனம் உள்ளே போய்க் காய்ந்து, கம்பெனிக்காரன் வைத்த மஞ்சளாகிவிட்டது. சேஃப்டி பின்னை விட்டுச் சுரண்டியதும் அடியில் சாதாரணக் கறுப்பு வந்தது. மின்னல் குறி எந்தப் பக்கமும் இல்லை.

அவர் போன் நேற்றே செத்துவிட்டது. உயிரோடு இருந்திருந்தாலும், என் போன் அணைந்துவிட்டால் பயனில்லை. மனைவி நம்பரும் மகள் நம்பரும் எனக்கு மனப்பாடம் கிடையாது. நாங்கள் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்ட லேண்ட்லைன் நம்பர் மட்டும் நன்றாக நினைவிருந்தது.

"ஆன் பண்ணி சொருவுங்க மாமா. ஆன்ல இருந்தா எல்லா ஓட்டையிலயும் ஏறும்" என்றார்.

ஆன் செய்தேன். அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று திரையில் வந்தது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பழைய பேட்டரியில் இருந்ததில் பாதியை வட்டம் தின்றது, மீதியில் கொஞ்சம் போனுக்கு வந்தது. லேப்டாப் அப்டேட்டுக்கு நடுவிலேயே மூச்சை விட்டபோது போனில் எட்டு இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. படித்த முட்டாள் என்று என்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்.

டவர் வந்தது மூன்று மணிக்கு. போனில் இரண்டு சதவீதம். உடனே அடித்தது.

"ஏங்க, வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா? அரிசி டிரம்ம மேல தூக்கி வச்சீங்களா?"

"அவ எப்படி இருக்கா?"

"மொட்டை மாடி குழாயில எலை அடைச்சிருக்கும், அத..."

"அவ எப்படி இருக்கான்னு கேக்குறேன்!"

"நல்லா இருக்கா. ரெண்டு பேருமே நல்லா இருக்காங்க. நேத்து சாயங்காலமே பொறந்துடுச்சி. பொண்ணு. ஆபரேஷன்லாம் இல்ல. அப்பலேருந்து ஒங்களுக்குத்தான் அடிச்சிகினே இருக்கேன்."

நேற்று சாயங்காலத்திலிருந்து நான் தாத்தா. அது தெரியாமல் இன்று காலை முழுக்க சந்தனம் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. போன் கை மாறியது.

"அப்பா." மகளின் குரல் களைத்துப் போயிருந்தது. "சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. எடுத்துப் பார்த்தேன், போன் அணைந்திருந்தது. என் பொய் அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. மறுபடியும் காதில் வைத்துக்கொண்டு, நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்று சொன்னேன்.