பூச்சிப் புத்தகம் போட்ட ஸ்டெல்லா

செய்தி எனக்கு ஆர்டராக வந்தது. கள்ளக்குறிச்சியில் நான் நடத்தும் டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் தயாராகும். அன்று காலை கடையைத் திறந்து வாட்ஸப்பைப் பார்த்தால் தியாகதுருகத்திலிருந்து ஒரு படம். கீழே, ‘அக்கா, அஞ்சலி போஸ்டர், மத்தியானத்துக்குள்ள வேணும்’ என்று ஒரு வரி. படத்தில் இருந்தது ஸ்டெல்லா. அனுப்பியது அவள் தம்பி. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறாள், வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான், பாவம். முந்தின வாரம் என் கடை வாசலில் நின்று டீ குடித்துவிட்டுப் போனவளுக்கு நான் கறுப்பு பார்டர் போட வேண்டும்.

அந்தப் படமும் கண்றாவி. யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தில் நின்றதை வெட்டி எடுத்திருக்கிறார்கள், தோளில் வேறொருத்தியின் கை. தியாகதுருகத்தில் அவள் வைத்திருந்த ஸ்டுடியோவில் ஊரில் பாதிப் பேரின் முகம் இருக்கிறது, அவள் முகம் மட்டும் இல்லை. என் கம்ப்யூட்டரில் அவள் பெயரைப் போட்டுத் தேடினேன். வண்டு, தும்பி, வெட்டுக்கிளி என்று வந்துகொண்டே இருந்தன. கடைசியில் தம்பி அனுப்பியதையே வைத்தேன். எழுத்துப்பிழை பார்க்கிற நிலையில் நான் இல்லை, அவனே வந்து பார்த்தான்.

இதைப் படிக்கிறவர்களில் பெரியவர்களுக்கு அவள் ‘ஸ்டுடியோ ஸ்டெல்லா’, பிள்ளைகளுக்குப் ‘பூச்சி அக்கா’. நானும் அவளும் சேர்ந்து ‘குனிந்து பார்’ என்று இரண்டு குட்டிப் புத்தகங்கள் போட்டோம். ஒன்று கல்வராயன் மலைக்கு, இன்னொன்று கீழே சமவெளிக்கு. உள்ளங்கை அளவு. பக்கத்துக்கு ஒரு பூச்சி, அதன் பேர், எங்கே தேடினால் கிடைக்கும், என்ன தின்னும், இவ்வளவுதான். தொடக் கூடாத பூச்சி என்றால் ஓரத்தில் ஒரு சிவப்புக் கை. படம் அவளுடையது, பக்கம் கட்டியது நான், வாக்கியத்துக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்வோம்.

எல்லாம் ஆரம்பித்தது களமருதூரில் ஒரு கல்யாணத்தில். ஸ்டெல்லாதான் போட்டோ. முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையின் மாலையில் ஒரு கும்பிடுபூச்சி ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்திருக்கிறது. இவள் அதையே எடுத்துக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் கேட்டு நிமிர்ந்து பார்த்தால் தாலி கட்டியாயிற்று. போட்டோக்காரி வாழ்க்கையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பெண்ணின் அப்பா போட்ட சத்தத்தில் மைக்செட்டே அடங்கிவிட்டதாம். மாப்பிள்ளையை மறுபடி கழுத்தில் கை வைக்கச் சொல்லி எப்படியோ சமாளித்திருக்கிறாள். மறுநாள் என் கடைக்கு வந்தவள் கல்யாணப் படத்தைக் காட்டவில்லை, கும்பிடுபூச்சியைக் காட்டினாள். “அந்தக் கல்யாணத்துல மனசார கும்புட்டது இது ஒண்ணுதான்க்கா” என்றாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

புத்தகத்துக்குப் படம் சேர்க்கத் தொடங்கியபோது, செத்த பூச்சியை அட்டையில் குத்தி வைத்து எடுத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்று நான் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பாடையைச் சுற்றி உறவெல்லாம் நிற்க ஒரு போட்டோ எடுப்பார்கள், அதற்கும் இவளைத்தான் கூப்பிடுவார்கள். “பொணத்தப் படம் எடுக்கிற வேலை எனக்கு ஜாஸ்தியாவே இருக்குதுக்கா. பூச்சியாவது உசுரோட இருந்துட்டுப் போவட்டும்.” அப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு சாணிவண்டுக்காக அரை நாள் வெயிலில் குப்புறப் படுத்துக் கிடப்பாள். வழியில் போகிறவர்கள் மயக்கம் போட்டுவிட்டாள் என்று தண்ணீரோடு ஓடி வருவார்கள்.

புத்தகம் சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும் என்று அளவெடுத்து வெட்டினோம். முதல் பள்ளிக்கூடத்திலேயே மாட்டிக்கொண்டோம். பையன்கள் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள், பெண் பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் யூனிபாரத்தில் பையே இல்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து போட்ட புத்தகம், இது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். ஸ்டெல்லா அத்தனையையும் திரும்ப வாங்கி, மூலையில் ஓட்டை போட்டு, கயிறு கோத்து, ஒவ்வொரு பெண்ணின் கழுத்திலும் தானே மாட்டிவிட்டாள்.

அப்படி மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி துளசி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூர், ஸ்டெல்லா மலைக்குப் போகும்போதெல்லாம் கூடவே ஒட்டிக்கொள்வாள். ஒரு வருஷம் அவளுடைய அப்பா அம்மா மக்காச்சோளக் கொல்லை வேலைக்காகக் குடும்பத்தோடு தியாகதுருகம் பக்கம் இறங்கி வந்தார்கள். ஸ்டெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போய்ச் சமவெளிப் புத்தகத்தையும் அவள் கழுத்தில் மாட்டிவிட்டு வந்தாள்.

அந்தப் புத்தகத்தில், மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்கு ஒரு பக்கம் உண்டு. ‘காலையில் சோளக் குருத்தைப் பிரித்துப் பார். உள்ளே யார்?’ இந்த வரி ஸ்டெல்லாவுடையது, அவளுக்கு அதில் பெருமை. படைப்புழுவுக்கு எங்கள் விவசாயிகள் மருந்து கலந்த மணலை அந்தக் குருத்துக்குள்ளேயேதான் போடுவார்கள். போட்ட கொல்லையின் வரப்பில் ஒரு குச்சியை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டிவிடுவார்கள். ஆடு ஓட்டுகிறவர் துணியைப் பார்த்தால் மந்தையைத் திருப்பிக்கொண்டு போவார், பிள்ளைகள் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். ஸ்டெல்லா விவசாய வீட்டுப் பெண். சின்ன வயதில் அவளே அப்படி எத்தனையோ துணி கட்டியிருக்கிறாள். இதைப் போய் யாராவது புத்தகத்தில் எழுதுவார்களா? ஆனால் மலையில் சாமைக்கும் தினைக்கும் யாரும் மருந்து போட்டு துளசி பார்த்ததில்லை. அவளுக்கு அது காற்றில் ஆடுகிற ஒரு துணி.

காலையில் எழுந்து குருத்துக் குருத்தாகப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அதே கையோடு வந்து சோறு சாப்பிட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும்போது வாயில் நுரை, கழுத்தில் எங்கள் புத்தகம்.

பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவள் கண் திறக்கும்வரை ஸ்டெல்லா ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை, எச்சில்கூட விழுங்கினாளா தெரியாது. கொல்லையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஏழுமலை என்பவரும் அங்கேயே கிடந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், துணி கட்டித்தாங்க வச்சிருந்தேன், வந்து பாருங்க என்று அழுதார். ஸ்டெல்லா அவர் முன்னால் போய் நின்று, “உங்க மேல தப்பு இல்லீங்க. அந்தத் துணி இன்னாத்துக்குன்னு நான்தான் புத்தகத்துல போடல” என்றாள். துளசி தெளிந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தாள். அந்தப் பிள்ளை இவளைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அசதியில் படுத்திருக்கலாம். ஸ்டெல்லா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் குடும்பம் மலைக்குத் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கட்டைப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் புத்தகத்தையெல்லாம் திரும்ப வாங்கினாள். தானே மாட்டிவிட்ட கயிற்றைத் தானே கழற்றினாள். துளசியின் ஊருக்கு மட்டும் போகவில்லை. ஒரு துண்டுச்சீட்டு அடித்து ஒட்டிவிடலாம், ஒரே ராத்திரியில் முடித்துத் தருகிறேன் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். மலைப் புத்தகத்தில் மக்காச்சோளமே கிடையாது, அதையும் ஏன் பிடுங்குகிறாய் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

“கொட்டுறது, கடிக்கிறது, அரிக்கிறது எல்லாத்துக்கும் செவப்புக் கை போட்டோம். நாம வைக்கிற மருந்துக்கு ஒண்ணும் போடலியேக்கா.”

போடி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒரு போகம் முடிகிறவரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு நாள் ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து டீ சொன்னாள். நானும் ஒன்றும் நடக்காதது மாதிரி வாங்கிக் குடித்தேன். கிளம்பும்போது கேட்டாள்: “அந்தப் புள்ள இப்பல்லாம் குனிஞ்சு பாக்குதாக்கா?”

எனக்கு எப்படித் தெரியும்? மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். அதன் பிறகு எப்போது வந்தாலும் அந்த ஒரு கேள்விதான், நான் சொல்வதும் அதே பதில்தான். அவள் போகாமலும் இல்லை. ஸ்டுடியோவைச் சாத்திவிட்டு வந்து வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி உட்காருவாள். மலை அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் இறங்கித் திரும்பி வந்துவிடுவாள். “ஏறிடுறேன்க்கா. மலை கிட்ட தெரிய ஆரம்பிச்சதும் காலு தானா எறங்கிடுது” என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஒரு பிள்ளைக்குப் பூச்சி காட்டப் போய், அந்தப் பிள்ளை மண்ணைப் பார்க்கவே பயப்படும்படி செய்துவிட்டோம் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. உடம்பு தேறிவிட்டது என்று யார் சொன்னாலும் தலையாட்டுவாள், காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தாள், கல்யாணம் எடுத்தாள், சாவு எடுத்தாள். பூச்சி எடுக்கவில்லை.

அடக்கத்துக்கு நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாக ஒரு பெண் தனியாக நின்றதைச் சிலர் கவனித்திருக்கலாம். அது துளசியின் அம்மா காசியம்மா. பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்த யாரோ மலைக்குச் சொல்லியிருக்கிறார்கள், கிடைத்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டார். மண் போட்டுவிட்டு வந்த என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஸ்டெல்லாவின் கேள்வியைத்தான் கேட்டேன்.

“பாக்குதுங்க” என்றார் காசியம்மா. “போற வழியெல்லாம் நின்னு நின்னு பாக்குது. அவங்க குடுத்த மலைப் புத்தகம் இன்னும் கழுத்துலதான் கெடக்குது. ஆனா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கினுதாங்க குனியும்.”

இதை ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கோபமாகவே வந்திருக்கும்.

“அவங்களே ஒரு நாளு வருவாங்க, கண்ணால பாத்துக்கட்டும்னு இருந்துட்டேங்க.”

எனக்கு வந்த ஆத்திரம் காசியம்மா மேல் இல்லை. மண்ணுக்குள் இருந்தவள் மேல். இன்னும் இருபது கொண்டை ஊசி வளைவைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பாளே! அங்கேயே நின்று அழுதேன். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.

புத்தகம் மறுபடி வருமா என்று சிலர் அன்றே கேட்டீர்கள். வரும். சமவெளிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பூச்சி இருக்காது. வரப்பில் நட்ட குச்சியும், அதில் கட்டிய வெள்ளைத் துணியும், பக்கத்தில் ஒரு சிவப்புக் கையும் இருக்கும். விவசாயிகளில் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஆனால் அந்தப் பக்கத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்குத் தெரிந்ததாலேயே நான் எழுதாமல் விட்டது இன்னும் என்னவெல்லாம் இருக்கிறதோ, எந்தப் பிள்ளை அதில் போய்க் கை வைக்குமோ?

ஸ்டெல்லா எடுத்த படங்களை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அவை எல்லாருக்கும் பொது. இந்தப் பயம் அவளுடையது, இதை நான் வைத்துக்கொள்கிறேன். பிள்ளையின் கழுத்தில் புத்தகத்தை மாட்டுகிறவளிடம் இது இருக்கத்தான் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை இதையும் மடியில் கட்டிக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறப்போகிறேன். கச்சிராயபாளையத்தில் இறங்க மாட்டேன், ஸ்டெல்லா.