பொட்டு வைத்துக்கொண்ட பாக்டீரியா

ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் தொழில் மண் அள்ளுவதில் ஆரம்பிக்கிறது. மெட்ராஸிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறி, மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைப் பிடித்துக்கொண்டு போவது என் பங்கு. ஆய்வை மேற்பார்க்கும் கைடிடம் பேச்சு வாங்கியே பட்டமும் வாங்கப்போகிற சக தோழர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புளியமரத்தடி

புதூர்நாட்டில் ஜீப்பை விட்டு இறங்கி, ஒரு புளியமரத்தடியில் மண்ணைச் சுரண்டிக் கண்ணாடிக் குழாயில் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு செவலை நாய் பாய்ந்து வந்து புடவைத் தலைப்பைக் கவ்வியது. பின்னாலேயே மரத்துக்குச் சொந்தக்காரி வள்ளியம்மா வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். நாயை அதட்டி விலக்கிவிட்டு, என்னை அதட்ட ஆரம்பித்தார். சர்வே ஆபீஸா, காட்டிலாகாவா என்று கேள்வி. கண்ணுக்குத் தெரியாத கிருமி தேடுகிறேன் அக்கா என்றேன். தெரியாததை எப்படி அள்ளினாய் என்றார். வாதாட எனக்குச் சமமாக ஒரு ஆளை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார்.

"எங்க மண்ணுல இன்னா கண்டுபுடிச்சேன்னு வந்து சொல்லிட்டுப் போவணும். சொல்லாத போய்ட்டா, அடுத்த தபா நாயப் புடிக்க மாட்டேன்."

மலையிறங்கும் பஸ்

ஜமுனாமரத்தூரிலும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு ஆலங்காயம் பஸ் ஏறினேன். குழாய்களில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். மண் என்றேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். மரத்தடி மண்ணை யாரும் சும்மா எடுத்துப் போக மாட்டார்கள், சூனியத்துக்குத்தான் என்பது கண்டக்டரின் கட்சி. மாமியாரோடு அனுசரித்துப் போகும்படி புத்தி வேறு சொன்னார். ஐந்து வளைவு வரை அறிவியல் பேசிப் பார்த்துவிட்டு, எனக்கு மாமியாரே கிடையாது, கல்யாணம் ஆகவில்லை என்றேன்.

"கல்யாணமே ஆவலியா? அப்போ யாருக்கும்மா இவ்ளோ மண்ணு?"

போய்க் கழுவு

வள்ளியம்மாவின் மரத்தடி மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியா தேறியது. விஷயம் இதுதான். பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும், தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தும். அதை வெட்டிப்போடப் பாக்டீரியா ஒரு கத்திரி வைத்திருக்கிறது. குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் வெட்டுகிற நொதி. அதே வரிசை சொந்த டி.என்.ஏ.விலும் இருக்குமே, அதை ஏன் வெட்டுவதில்லை? இன்னொரு நொதி அந்த இடங்களிலெல்லாம் மெத்தில் என்கிற சின்னப் பொட்டை முன்னாலேயே வைத்துவிடுகிறது. பொட்டு இருந்தால் கத்திரி தொடாது.

டி.என்.ஏ. துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் கோடு கோடாகக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். என் பாக்டீரியாவின் கத்திரி, வைரஸ் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கியிருந்தது, சொந்த டி.என்.ஏ.வை விட்டுவிட்டது. கைடிடம் ஓடினேன். உன் டி.என்.ஏ.வில் அழுக்கு, அதனால் கத்திரி வேலை செய்யவில்லை என்றார். பையன்கள் கொண்டுவந்தால் ரிசல்ட், நான் கொண்டுவந்தால் அழுக்கா? கேட்டே விட்டேன். அவர் நிதானமாக, மாதக் கடைசிக்குள் நிரூபிக்காவிட்டால் இந்தப் பாக்டீரியாவைக் கொட்டிவிட்டு வேறு தலைப்பு எடுக்கச் சொன்னார்.

"கோபத்தை ஜெல்லில் ஓட்டினா கோடு விழாதும்மா. போய்க் கழுவு."

எதிரிக்கும் பொட்டு

கழுவவில்லை. வைரஸ் டி.என்.ஏ., என் பாக்டீரியா டி.என்.ஏ. இரண்டையும் ஒரே குழாயில் கலந்து கத்திரியைப் போட்டேன். அழுக்குதான் கத்திரியை முடக்குகிறது என்றால் இரண்டுமே தப்ப வேண்டும். வைரஸ் துண்டானது, என்னுடையது முழுசாக நின்றது. கைடு தாடையைத் தடவிக்கொண்டு, வெட்டுகிற வரிசையே உன்னுடையதில் இல்லாமல் இருக்கலாமே என்றார். எரிச்சல் வந்தது. நியாயமான கேள்வி என்பதால் இன்னும் எரிச்சல்.

மக்னீசியம் இல்லாவிட்டால் கத்திரி அசையாது. பொட்டு வைக்கும் நொதிக்கு அது தேவையில்லை. அதனால் மக்னீசியம் சேர்க்காமல், இரண்டு நொதிகளும் உள்ள பாக்டீரியாச் சாற்றையும் மெத்தில் கொடுக்கும் மருந்தையும் வைரஸ் டி.என்.ஏ.வோடு கலந்து வைத்தேன். பிறகு டி.என்.ஏ.வைத் தனியே பிரித்து, இந்தத் தடவை ஒழுங்காகக் கழுவி, மக்னீசியத்தோடு கத்திரியிடம் கொடுத்தேன். தொடவில்லை; வெட்டுகிற வரிசை இருந்தும் பொட்டு காப்பாற்றிவிட்டது. மெத்தில் மருந்து சேர்க்காத குழாயில் மட்டும் வழக்கம்போலத் துண்டு துண்டு. மாதம் முடிய இன்னும் நாளிருந்தது. கைடு ஜெல்லின் பொலராய்ட் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தலைப்ப மாத்த வேண்டாம். ஆனா படத்துல உன் விரல் ரேகை விழுந்திருக்கு. கையையாவது கழுவியிருக்கலாம்."

மறுபடியும் புளியமரம்

வாக்குக் கொடுத்தாயிற்றே. படத்தை எடுத்துக்கொண்டு மலையேறினேன். வள்ளியம்மா புளி தட்டிக்கொண்டிருந்தார். நாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டே முழுக்கதையும் கேட்டார். வைரஸே பொட்டு வைத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்றார். எப்போதாவது ஒன்றிரண்டு அப்படித் தப்பும், அதன் வாரிசுகளும் உள்ளே நுழைந்துவிடும் என்று ஒத்துக்கொண்டேன். அவருக்கு அதில் திருப்தி. நாய் மட்டும் என்னைப் பார்த்து உறுமுவதை நிறுத்தவில்லை.

"எங்க நாயி உனக்கு இன்னும் பொட்டு வெக்கலம்மா. நாலு தபா வந்துக்னு போய்க்னு இரு, வெச்சிடும்."

ஆக, வைரஸிடமிருந்து பாக்டீரியாவைக் காப்பாற்றுவது எது என்று கைடுக்கு நிரூபித்துவிட்ட நான், நாயிடமிருந்து என் புடவைத் தலைப்பைக் காப்பாற்ற இன்னும் நாலு தடவை மலையேற வேண்டியிருக்கிறது.