கூப்பிட ஒரு சொல்

என் தம்பி குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த நாட்களில், இணுவிலில் எங்கள் இரண்டு வீட்டு வளவுகளுக்கும் இடையிலிருந்த வேலியை, கதியால் தடிகளைப் பிடுங்கி நட்டு, அவன் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டேன். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். அளவு தெரியாமல் செய்யவில்லை. திரும்பி வந்து கேட்டான். "கதியால் நட்ட இடத்திலைதான் நிக்குது" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. பதினான்கு வருடம்.

எழுபத்தைந்து வயதில் நெஞ்சு அரிக்கத் தொடங்கியது. மன்னிப்புக் கேட்காமலே செத்துவிடுவேனோ? வேலியடிக்குப் போனால் நா எழவில்லை.

கடந்த வைகாசியில், சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரையில் சேர்ந்தேன். "சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னவர்" என்றுதான் வீட்டில் சொன்னேன். அது பாதி உண்மை. முதல் நாளே கூட்டத்தில் தம்பியைக் கண்டேன். அவனும் கண்டான். காணாதவர்கள் போல வாரக்கணக்கில் நடந்தோம்.

உகந்தை தாண்டிக் காட்டுக்குள், காலில் கொப்புளம் வெடித்துப் பின்தங்கினேன். தண்ணீரும் முடிந்தது. யானைகள் திரியும் இடம். முன்னால் தெரிந்தது ஒரே முதுகு, தம்பியுடையது. 'தம்பி' என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை? மணலிலேயே குந்தி அழுதேன். "முருகா, கூப்பிட ஒரு சொல் தா."

யாத்திரையில் எல்லோரும் எல்லோரையும் 'சாமி' என்றுதான் அழைப்போம். அத்தனை நாளும் என் வாயிலேயே இருந்த சொல்.

"சாமி! கொஞ்சம் நில்லுங்கோ!"

இளையவனை முதன்முறையாக 'ங்கோ' போட்டு அழைத்தேன். திரும்பினான்.

"இருங்கோ சாமி, வாறன்."

தண்ணீர் தந்தான். சால்வையைக் கிழித்துக் காலைக் கட்டினான்.

"சாமி, வேலியைத் தள்ளினது நான்தான்."

"அது கதியாலுக்கும் தெரியும் சாமி. கணக்குப் படிப்பிச்ச ஆளுக்குத்தான் ஒரு முழம் பிடிபடேல்லை."

"உங்களுக்கு என்ன நேர்த்தி?"

"நேர்த்தியோ? விடிஞ்சா உங்கடை வேலியிலை முழிச்சு அலுத்துப் போச்சு. அதுதான் காடு பாக்க வந்தனான்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எழும்புங்கோ அண்ணை. ஆனை வந்தா ரெண்டு வளவும் அதுக்குத்தான்."

அண்ணை என்றான்! மிச்ச வழியை அவன் தோளைப் பிடித்தே நடந்து முடித்தேன்.

அடியார்களே, கூப்பிட முடியாத ஒருவர் உங்களுக்கும் இருந்தால் நடக்க வாருங்கள். நேர்த்திக்கோ, சீனிக்கோ, காடு பார்க்கவோ, எதற்கானாலும் வாருங்கள். முருகன் காரணம் விசாரிப்பதில்லை. சொல்லைக் கேளுங்கள், தருவான்.

வீடு திரும்பியதும், குளிக்கவும் போகாமல் முதல் கதியாலைப் பிடுங்கினேன். மறுபக்கம் தம்பி, கதியால் கிளப்ப அலவாங்குக் கம்பியோடு நின்றான்.