ஒரே பிள்ளையாரிடம் இரண்டு வேண்டுதல்கள்

எங்கள் தாராவித் தெருமுனைப் பிள்ளையாரோடு நான் ஒரு மாதம் பேசவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற டீச்சர், பிள்ளையாரோடு டூ விட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் கோபத்துக்கு நியாயம் இருந்தது.

எனக்குச் சினைப்பையில் புற்றுநோய். வயிறு உப்புசம் என்று ஆறு மாதம் ஓமத் தண்ணீர் குடித்து ஏமாந்த பிறகுதான் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து, நாலு கீமோவும் முடிந்து, தலை மொட்டையாகி, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்ச் சாக்பீஸ் பிடிக்க முடியாமல் இருந்தபோது டாக்டர் ஒரு மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார். ரத்தம் எடுக்கும் முன்னால் விளக்கிச் சொல்ல ஒரு மராத்திப் பெண் இருந்தாள். நானும் என் மகளும் அவள் எதிரில் உட்கார்ந்தோம்.

அவள் தாளில் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று எங்கள் குடும்பத்தைப் போட்டு இந்தியில் பொறுமையாகச் சொன்னாள். பி.ஆர்.சி.ஏ. என்று ஒரு மரபணு. செல் கெட்டுப்போனால் ரிப்பேர் பண்ணுகிற ஆள் அது. அதில் பிறவியிலேயே பழுது இருந்தால் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் நோய் வந்துவிட்டவர்களுக்கு அந்தப் பழுதே ஒரு விதத்தில் அனுகூலமாம். புற்றுநோய்ச் செல்லுக்கும் ரிப்பேர் பண்ணத் தெரியாது என்பதால் மருந்து நன்றாகக் கேட்கும். கீமோவுக்குப் பிறகு தினமும் போட ஒரு மாத்திரை உண்டு. அதுவும் பழுது உள்ளவர்களுக்குத்தான் ரொம்ப நன்றாக வேலை செய்யும், நோய் திரும்பி வருவது பலருக்கு வெகுவாகத் தள்ளிப்போகும். சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னாள். பிறகு என் வட்டத்திலிருந்து பேனாவைக் கீழே இழுத்து இன்னொரு வட்டம் போட்டாள். அம்மாவுக்குப் பழுது இருந்தால் மகளுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

என் மனசில் ஒட்டியது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். மறுநாள் காலையிலேயே பிள்ளையாரிடம் போனேன். எனக்குப் பழுது இல்லை என்று வரட்டும், இருபத்தொரு விடலை போடுகிறேன் என்றேன். சிதறுதேங்காயை எங்கள் திருநெல்வேலிக்காரர்கள் விடலை என்போம். பழுது இல்லை என்றால் அந்த மாத்திரை எனக்கு அவ்வளவாகக் கேட்காது என்று தெரியாமல் நான் கேட்கவில்லை. இருக்கிறது ஒரே பெண். இருபத்துநாலு வயது, காட்கோபரில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. அவள் வயிற்றிலும் இந்தச் சனியன் வந்து உட்காருமோ என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வாழ்ந்தவரை போதும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று, முடிந்த நாளெல்லாம் காலையில் போய் நின்றேன்.

ரிப்போர்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஆறு கீமோவும் முடிந்திருந்தது. டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பழுது இருக்கிறது என்றார். எனக்கு நாற்காலியோடு கீழே போவது போல இருந்தது. பக்கத்தில் ‘அப்பாடா’ என்று ஒரு சத்தம். பார்த்தால் என் மகள், முகத்தில் சிரிப்பு வேறு. டாக்டர் மாத்திரையைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவள் ஃபோனில் குறித்துக்கொண்டிருந்தாள். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று வந்தது எனக்கு.

டாக்சியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டேன். “ஏட்டி, என்னத்தக் கண்டு சிரிச்ச? உனக்கும் இருக்கலாம்னு சொல்லுதாவ, காதுல விழுந்துச்சா இல்லியா?”

“விழுந்துச்சு. உனக்கு மாத்திரை கேக்கும்லா, அதான் சிரிச்சேன்.” பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “நான் பிள்ளையார்ட்ட அதத்தாம்மா கேட்டேன். உனக்குப் பழுது இருக்கணும்னு. பதினோரு விடலை.”

எந்தப் பிள்ளையார் என்று கேட்டேன். நம்ம தெருமுனைப் பிள்ளையார்தான் என்றாள். நான் காலையில் போய் இல்லை என்று வரவேண்டும் என்று கேட்க, இவள் ஆபீஸ் விட்டு வருகிற வழியில் இருக்கிறது என்று வரவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவரும் பாவம், எந்தப் பக்கம் சாய்வார்? சின்னவள் பக்கம் சாய்ந்துவிட்டார். நான் திட்டிக்கொண்டே அழுதேன். அவளும் அழுதாள். “நீ இல்லாம நல்ல ஜீனை வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?” என்று கேட்டாள்.  எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பதினோரு விடலையும் போட்டாள். நான் எதிர்ச் சாரியில் டீக்கடைப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கும்பிடவில்லை. அவருக்குத் தெரியட்டும் என்றே கும்பிடவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற என் வீட்டுக்காரரிடம், நீங்கள் என்னதான் வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். வீட்டில் சண்டை வரக்கூடாது என்று கேட்டாராம். அது மட்டும் நிறைவேறவில்லை.

சண்டை எதற்கென்றால், அவள் தன் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் நாளைக் கடத்தினாள். மாட்டேன் என்று நேராகச் சொல்லவில்லை. ஆபீசில் ஆடிட், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்றாள். தைரியமாகச் சிரித்தவளுக்கு உள்ளுக்குள் பயம். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. என் மாத்திரை டப்பா வீட்டுக்கு வந்த அன்று, அதைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். நீ ரத்தம் கொடுத்துவிட்டு வா, அப்புறம் நான் பிரிக்கிறேன் என்றேன். மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். முழுக்க இந்தியில் கத்தினாள். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் கண் முன்னாலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

என் பழுது எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டதால், அவளுக்கு அந்த ஓர் இடத்தைப் பார்த்தாலே போதுமாம். இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இந்தத் தடவை நான் பிள்ளையாரிடம் எதுவும் கேட்கவில்லை. வீம்பு பாதி, கேட்டால் மாற்றிச் செய்துவிடுவாரோ என்ற பயம் பாதி. பள்ளிக்கு மறுபடி போக ஆரம்பித்திருந்தேன். அந்த இரண்டு வாரமும் வகுப்பில் யாரையும் அடிக்காமல், யாரையும் பாராட்டாமல், கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினேன்.

மறுபடி அந்த மராத்திப் பெண்ணின் அறை. அதே தாளை எடுத்துப் போட்டாள். என் வட்டம் முழுக்கக் கறுப்படித்திருந்தது. மகளின் வட்டத்தின் மேல் பேனாவை வைத்து, உங்களுக்கு இல்லை என்றாள். நான் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் சொன்னாள். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் உள்ள அபாயம் எவ்வளவோ அவ்வளவுதான், அம்மாவிடமிருந்து எதுவும் வரவில்லை என்றாள். அந்த வட்டம் வெள்ளையாகவே இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? மாதக்கணக்காக இல்லாத பசி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வடாபாவ் சாப்பிட்டேன்.

நியாயப்படி பார்த்தால் நான் ஒரு விடலைகூடப் போட வேண்டாம். நான் கேட்டபடி என் ரிப்போர்ட் வரவில்லை. ஆனால் நான் உண்மையில் கேட்டது ரிப்போர்ட்டையா, பிள்ளையையா? அவள் கேட்டதும் கிடைத்தது, நான் கேட்டதும் கிடைத்தது. ஒரு மாதமாக அவரைப் பார்க்காமல் போனதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருபத்தொரு தேங்காய் வாங்கிக்கொண்டு போனோம்.

மரத்த விரலில் தேங்காய் நிற்கவில்லை. ஒவ்வொன்றாக அவள் எடுத்துக் கொடுக்க, இரண்டு கையாலும் பிடித்துப் போட்டேன். இருபது முடிந்தது. கடைசித் தேங்காயை அவள் உடனே கொடுக்கவில்லை.

“இருபதும் எனக்குத்தான போட்ட?” என்றாள். “இத உனக்குப் போடு. உனக்குன்னு ஏதாவது கேளும்மா.”

என்ன கேட்பது என்றே முதலில் தெரியவில்லை. ஒரு மாதம் முழுக்க அவர் முன்னால் நின்று, என்னை எடுத்துக்கொள், அவளை விடு என்று பேரம் பேசியவள் நான். இப்போது அவள் பத்திரம். அப்போதுதான், இருக்க வேண்டும் என்று எனக்கும் எவ்வளவு ஆசை என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, எனக்கும் கொஞ்ச காலம் கொடு என்றேன். ஓங்கிப் போட்டேன். அது உடையாமல் சாக்கடை ஓரம் வரை உருண்டது. அவள் ஓடிப்போய் எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தாள். இரண்டாவது தடவை போட்டபோது உடைந்தது.