ஜாடி இருந்த முனை

ரோம் நகரத்துச் சுபுராப் பேட்டையில் சலவைப் பட்டறை வைத்திருந்த லூரியஸுக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்த வியாதி ஒன்றே ஒன்று, கோபம். அதற்கு முன் அவர் நல்ல மனிதர் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். கோபம் வந்த பிறகும் நல்லவர்தான், கொஞ்சம் சத்தமான நல்லவர்.

அவர் தொழிலுக்கு வேண்டியது பலமான காலும் பழைய மூத்திரமும். தொட்டியில் அதை ஊற்றி, துணியைப் போட்டு, ஏறி மிதித்தால் எந்த எண்ணெய்க் கறையும் கழன்றுவிடும். அதற்காகவே தெருமுனைகளில் ஜாடி வைத்திருந்தார். போகிறவர் வருகிறவர் நிரப்பிவிட்டுப் போவார்கள். நாற்றம்தான், யார் இல்லை என்றது? அந்த நாற்றத்தின் புண்ணியத்தில்தான் ரோம் முழுக்க வெள்ளையாக உடுத்திக்கொண்டு திரிந்தது.

வொலூசியஸ் அவருக்குப் பால் சகோதரன். லூரியஸின் அம்மா அவன் பிறந்த பெரிய வீட்டுக்குப் பாலூட்டப் போனவள். இரண்டு பயல்களும் ஒரே புழுதியில் புரண்டு, 'டா' போட்டு அடித்துக்கொண்டு வளர்ந்தார்கள். பிறகு அவன் மேடைப் பேச்சு படிக்கப் போனான், இவர் தொட்டியில் இறங்கினார்.

அதன்பின் பல வருஷம் அவன் அந்தப் பக்கமே வரவில்லை. நகராதிகாரி பதவிக்கு நின்றபோதுதான் பட்டறைக்கு வழி ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் ஓட்டுக் கேட்கிறவனுக்கு 'வெளுத்தவன்' என்றே பேர். சுண்ணக்கட்டி தேய்த்த டோகாவை, அந்த நீளப் போர்வையை, உடுத்திக்கொண்டு கண் கூச நின்றால்தான் கூட்டத்தில் தெரிவான்.

"உன் கையால வெளுத்தாத்தான்டா எனக்கு ராசி," என்று லூரியஸின் ஈரத் தோளிலேயே கை போட்டான் வொலூசியஸ்.

"வெளுத்துட்டாப் போச்சு. நீ ஜெயிச்சா தெருவெல்லாம் உன் பொறுப்பு. என் ஜாடிய மட்டும் எவனும் தொடாமப் பார்த்துக்கடா."

"இத நீ வாய்விட்டுக் கேக்கணுமா? அப்புறம் நண்பன்னு நான் எதுக்கு?"

அந்த ஒரு வார்த்தையில் லூரியஸ் குளிர்ந்துபோனார். டோகாவை வேறு ஆளிடம் விடாமல் தானே மிதித்தார், தானே சுண்ணம் தேய்த்தார். போதாததற்கு, தெருவில் இருந்த அத்தனை ஓட்டையும் வாங்கிக் கொடுத்தார். வொலூசியஸ் ஜெயித்தான். அவன் போட்ட முதல் உத்தரவு, தெருவில் இருக்கும் மூத்திர ஜாடிகளை எல்லாம் அகற்ற வேண்டும் என்பது. ஆட்கள் வந்தார்கள். அகற்றக்கூட இல்லை, அங்கேயே போட்டு உடைத்தார்கள். பட்டறைக்குள் கழுவ வைத்திருந்த ஒரு ஜாடிதான் தப்பியது.

ஏதோ தவறு நடந்துவிட்டது என்றுதான் லூரியஸ் நினைத்தார். பாவம், அவ்வளவு நல்லவர். மறுநாள் விடிந்ததும் வொலூசியஸ் வீட்டு முன்கூடத்தில் வணக்கம் சொல்ல வரிசையில் நிற்கும் கூட்டத்தோடு போய் நின்றார். அந்தக் கூட்டத்தில் இருப்பவன் ஒவ்வொருவனும் 'நண்பன்'தான். யார் எவர் என்று வொலூசியஸ் காதில் சொல்வதற்கு ஹிலாரஸ் என்ற அடிமை பக்கத்திலேயே நிற்பான்.

"ஜாடிய உடைச்சுட்டாங்கடா," என்றார் லூரியஸ்.

ஹிலாரஸ் முறைத்தான். "ஐயான்னு சொல்லுங்க."

லூரியஸ் திருத்திக்கொண்டார். "ஜாடிய உடைச்சுட்டாங்க, ஐயா. அது இல்லாட்டி பட்டறைய இழுத்து மூட வேண்டியதுதான்."

வொலூசியஸ் அவரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தான். "நண்பனுக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமா? பதவில உக்காந்தவனுக்கு அறம்னு ஒண்ணு இருக்கு, நண்பா. நீயே என்னைத் தப்பு செய்யச் சொல்லலாமா?"

கூட்டம் ஆகா என்றது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லூரியஸுக்கு அந்தக் கிழவரை அங்கேயே அறையலாம்போல் இருந்தது. வொலூசியஸின் மாமனார் வீட்டு மாடம் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதை ஒருவரும் தொடவில்லை. இவன் அறம் என் ஜாடியில்தானா ஆரம்பிக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் மனைவி நெவியா கேட்டாள். "விடியுமுன்ன ஓடினீங்களே, என்ன குடுத்தாரு உங்க தோஸ்து?"

"அறம்."

"அதுல துணி வெளுக்குமா?"

அதன்பிறகு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கழுதையில் வரும் மூத்திரத்தை வைத்துத்தான் பிழைப்பு. அது வந்தால் வந்தது. மிதிக்கிற ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டு நின்றுகொண்டார்கள். நாலு தொட்டி ஒன்றாயிற்று.

சில வருஷம் கழித்து வொலூசியஸ் நீதிபதி பதவிக்கு நின்றான். அதே ராசி டோகாவோடு அவனே பட்டறைக்கு வந்தான். போன வெற்றி விருந்தில் கொட்டிய மீன் சாறு முன்பக்கம் முழுக்கப் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

"இந்தக் கறைய எடுக்கச் சரக்கு இல்லீங்க ஐயா," என்றார் லூரியஸ். "இந்த வாரம் கழுதையும் வரல. உங்க உத்தரவுதானே?"

"பழச விடு நண்பா. மேல சுண்ணத்தத் தாராளமாப் பூசிடு. யாரு கிட்ட வந்து பார்க்கப் போறாங்க?"

"மழை பெஞ்சா எல்லாம் வெளில வந்துரும். இப்பவே சொல்லிட்டேன்."

"பறவை சகுனம் பார்த்தாச்சு. வானம் தெளிவா இருக்குமாம்."

லூரியஸ் பூசினார். வேண்டாம் என்று துணியை முகத்தில் எறிந்திருக்கலாம். மனம் வரவில்லை. அதை நினைத்தால் பிற்பாடு அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வரும்.

தேர்தல் அன்று மார்ஸ் திடலில் தூறியது. இடி இடித்திருந்தால் கெட்ட சகுனம் என்று தேர்தலையே தள்ளிவைத்திருப்பார்கள். இடிக்கவில்லை. சுண்ணம் பாலாக வழிந்து காலடியில் தேங்கியது. மீன் சாற்றுக் கறை கழுத்திலிருந்து முழங்கால்வரை ஊருக்கே தெரிந்தது. நாற்றமும் கிளம்பியது. கூட்டம் சிரித்தது. லூரியஸும் சிரித்தார், வருஷக்கணக்கில் இல்லாத சிரிப்பு.

சிரித்த கூட்டம் வரிசையில் போய் அவனுக்கே ஓட்டுப் போட்டது. வொலூசியஸ் அமோகமாக ஜெயித்தான்.

மறுநாள் ஹிலாரஸ் டோகாவைச் சுருட்டிக்கொண்டு வந்தான். "சாயங்காலம் விருந்து. பழையபடி வெள்ளையாயிடணுமாம். அவசரம். நண்பர் கையாலதான் வெளுக்கணும்னு சொல்லியனுப்பினாரு."

நெவியா கணவன் முகத்தைப் பார்த்தாள். லூரியஸ் கத்தவில்லை. உள்ளே போய், உடையாமல் மிஞ்சியிருந்த அந்த ஜாடியைத் தூக்கிவந்து ஹிலாரஸின் கையில் வைத்தார், அதன்மேல் டோகாவையும் வைத்தார்.

"இது தெருவில இல்ல, அவன் வீட்டுக்குள்ள இருக்கப்போவுது. உத்தரவு தடுக்காது. காலைல அத்தனை நண்பனுங்க வந்து நிக்கிறாங்கல்ல? ஆளுக்குக் கொஞ்சமா நிரப்பித் தரச் சொல்லு. வெளுத்துத் தரேன்."

"ஐயாகிட்ட இத எப்படிச் சொல்றது?"

"ஐயா வேணாம். லூரியஸ் 'டா' போட்டுச் சொன்னான்னு சொல்லு."

ஹிலாரஸ் ஜாடியை அணைத்துக்கொண்டு மூக்கைத் திருப்பியபடி தெருவில் இறங்கினான். லூரியஸ் காய்ந்து கிடந்த தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.